பழைய டாஸ் புரோகிராமிலிருந்து புதுப் பிரிண்டரில் பில் எடுப்பது எப்படி

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர் போன ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டார். "புரோகிராம் நல்லாத்தான் ஓடுது மக்கா, பேப்பர்லதான் ஒண்ணும் வரல்ல" என்றார். போய்ப் பார்த்தால், இடிமின்னலில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் போய்விட்டது, அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு லேசர் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறார். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் முறையில் கறுப்புத் திரையில் ஓடும் புரோகிராம் அது, பாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது. இருபது வருஷத்துக்கு மேலான கணக்கு அதற்குள் இருக்கிறது: யார் எத்தனை கிலோ ஷீட் கொண்டுவந்தார்கள், ஒட்டுப்பால் எவ்வளவு, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு, முன்பணம் வாங்கிப் போனது எவ்வளவு. எழுதிக்கொடுத்தவர் எப்போதோ வளைகுடாவுக்குப் போய்விட்டார். பிரிண்டர் விற்றவரோ, "இந்தப் புரோகிராமைத் தூக்கிப் போடுங்க, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்.

தூக்கிப் போட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட புரோகிராம்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இன்னும் எத்தனையோ கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் ஒரு வரியைக்கூட மாற்றாமலே அச்செடுக்க வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் பெரிய பழக்கம் இல்லாதவர்களும் செய்யலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதையும் வாங்குவதற்கு முன்னால், எதையும் மாற்றுவதற்கு முன்னால், புரோகிராம் வெளியே அனுப்புவதை ஒரு ஃபைலில் பிடித்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் பிரிண்டரை மாற்றி மாற்றி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பழைய புரோகிராம் என்னதான் செய்கிறது

பழைய கம்ப்யூட்டரின் முதுகில் 25 ஓட்டை கொண்ட அகலமான போர்ட் ஒன்று இருக்குமே, அதற்கு எல்பிடி1 என்று பெயர். டாஸ் புரோகிராம் பில்லை எழுத்து எழுத்தாக அந்த வாசலுக்குள் தள்ளிவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஏ என்ற ஆங்கில எழுத்துக்கு 65 என்ற எண் போகும், அந்த எழுத்தின் உருவம் பிரிண்டருக்குள்ளேயே இருந்ததால் அது தன் 9 ஊசிகளால் அடித்துக் கொடுத்துவிடும். நடுநடுவே கட்டளை எண்களும் போகும். 15 என்றால் எழுத்தை நெருக்கு, 18 என்றால் பழைய அளவுக்குத் திரும்பு, 12 என்றால் அடுத்த பக்கத்துக்குப் போ, 27ம் 69ம் அடுத்தடுத்து வந்தால் தடித்த எழுத்தில் அடி. எப்சன் கம்பெனி உண்டாக்கிய இந்தக் கட்டளை மொழிக்கு இஎஸ்சி பி என்று பெயர். டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் இதைப் புரிந்துகொள்ளும்.

இப்போது கடையில் கிடைக்கும் விலை குறைந்த லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்களில் பெரும்பாலானவை வேறு மாதிரி. பக்கம் முழுவதையும் விண்டோஸே படமாக வரைந்து கொடுக்க வேண்டும், அவற்றுக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. அவற்றிடம் வெறும் 65 என்று சொன்னால் விளக்கு சிமிட்டிவிட்டுச் சும்மா இருக்கும், இல்லையென்றால் கட்டுக் காகிதத்தையும் வெற்றாகத் தள்ளும்.

ஆக, தகராறு மூன்று இடத்தில் இருக்கலாம். புரோகிராம் இந்த விண்டோஸில் ஓடுகிறதா? ஓடினால் எல்பிடி1 என்ற வாசல் இருக்கிறதா? வாசல் இருந்தால் அந்தப் பக்கம் நிற்கும் பிரிண்டருக்கு மொழி தெரியுமா? எது உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

தொடங்கும் முன்

புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள், பின்பு இன்னொரு பென்டிரைவிலும் எடுங்கள். டிபிஎஃப் என்று முடியும் ஃபைல்கள்தான் கணக்கு. அவை போனால் யாராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். பழைய டாஸ் புரோகிராமை நேரடியாக ஓட்டும் வசதி 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் உண்டு, 64 பிட்டில் கிடையாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட், 32 பிட் வந்த கடைசி விண்டோஸ் 10தான், அதற்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தரும் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. அதனால் 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காமல் பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபைலில் பிடிப்பது

உங்கள் விண்டோஸ் எதுவாக இருந்தாலும் இதற்கு டாஸ்பாக்ஸ் எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குள்ளேயே ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போலி செய்து காட்டும் மென்பொருள் இது. வெறும் டாஸ்பாக்ஸ் என்ற பெயரில் இன்னொன்று கிடைக்கும், அது பழைய விளையாட்டுகளுக்காகச் செய்தது, அதில் பிரிண்டர் வசதி இல்லை. எக்ஸ் என்ற எழுத்து பெயரில் இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள்.

அதன் அமைப்புகள் எழுதியிருக்கும் கன்ஃபிகரேஷன் ஃபைலைத் திறந்தால் பேரலல் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பேரலல்1 என்ற வரியில் சமக் குறிக்குப் பிறகு ஃபைல் என்ற சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் போட்டுச் சேமியுங்கள். நகல் எடுத்த ஃபோல்டரை டாஸ்பாக்ஸ் எக்ஸில் மவுண்ட் செய்து, அதாவது அதற்கு ஒரு டிரைவாகக் காட்டி, புரோகிராமை ஓட்டி, ஒரு பில் அடிக்கச் சொல்லுங்கள். காகிதத்துக்குப் போக வேண்டியது கேப்சர் என்ற ஃபோல்டரில் ஒரு ஃபைலாக விழும்.

அந்த ஃபைலை நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறங்கள், சாதாரண நோட்பேட் வேண்டாம். கட்டளை எண்களை அது கறுப்புப் பெட்டிக்குள் பெயர் போட்டே காட்டும்: 27 என்றால் இஎஸ்சி, 15 என்றால் எஸ்ஐ, 12 என்றால் எஃப்எஃப். உங்கள் பில் வரிகளும் அங்கே தெளிவாகத் தெரியும். பில் சரியாக இருக்கிறது என்றால் புரோகிராம் தன் வேலையைச் செய்துவிட்டது, இனி நீங்கள் அதைத் தொட வேண்டியதே இல்லை. கறுப்புப் பெட்டிகள் எத்தனை, எவை என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் அதிர்ஷ்டம், ஏறக்குறைய எந்த வழியும் உங்களுக்கு ஒத்துவரும். நிறைய இருந்தால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரே மேல். குலசேகரம் கடையில் 15ம் 18ம்தான் இருந்தன, 12 எங்குமே இல்லை. இது ஏன் முக்கியம் என்று கீழே வரும்.

யூஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ் என்றால்

என் யோசனையைக் கேட்டால், தினமும் கார்பன் நகலோடு பில் கிழித்துக் கொடுக்கும் கடைக்கு இன்றைக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான் சரி. யூஎஸ்பி போர்ட்டோடு புதிதாகவே கிடைக்கிறது, மொழியும் தெரியும், உடைந்திருப்பது வாசல் மட்டும்தான். அந்த வாசலை உண்டாக்குவது இப்படி.

முதலில் பிரிண்டரை விண்டோஸில் வழக்கம்போல நிறுவுங்கள். டிரைவர் கிடைக்கவில்லை என்றால் விண்டோஸிலேயே இருக்கும் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற டிரைவரைப் போடுங்கள், நமக்கு அது போதும். பின்பு பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் என்ற பக்கத்துக்குப் போய் ஷேர் செய்யுங்கள். ஷேர் பெயர் சின்னதாக, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும், பில் என்று ஆங்கிலத்தில் வைத்தால்கூடப் போதும்.

இனி கமாண்ட் பிராம்ப்டை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோஸின் கறுப்புத் திரையை, திறக்க வேண்டும். போனில் சொல்லிக்கொடுப்பது போலவே சொல்கிறேன், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்: நெட், இடைவெளி, யூஸ், இடைவெளி, எல்பிடி1, அதை ஒட்டிக் கோலன், இடைவெளி, பின்சாய்வுக் கோடு இரண்டு, உங்கள் கம்ப்யூட்டரின் பெயர், பின்சாய்வு ஒன்று, ஷேர் பெயர், இடைவெளி, முன்சாய்வு, அதை ஒட்டி பெர்சிஸ்டன்ட், கோலன், யெஸ். என்டர் தட்டினால் கட்டளை வெற்றி என்று வர வேண்டும். யூஎஸ்பியில் இருக்கும் பிரிண்டருக்கு எல்பிடி1 என்று ஒரு போலி வாசல் இப்போது கிடைத்துவிட்டது, கடைசியில் சேர்த்த யெஸ் அதை அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போட்டாலும் இருக்க வைக்கும்.

பழைய புரோகிராமைத் திறக்காமலே சோதித்துப் பார்க்கலாம். எக்கோ, இடைவெளி, ஏதாவது ஒரு சொல், இடைவெளி, வலப்பக்கம் பார்க்கும் அம்புமுனை போன்ற 'பெரியது' குறி, எல்பிடி1. பிரிண்டர் கடகடவென்று அந்தச் சொல்லை அடித்தால் வாசல் திறந்தாயிற்று.

திறக்கவில்லையா? எனக்குத் தெரிந்து அதிகம் இடறும் இடங்கள் இவை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கட்டளை கொடுத்தால் அந்த வாசல் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டும்தான் தெரியும், சாதாரணமாகத் திறந்த புரோகிராமுக்குத் தெரியாது, அதனால் சாதாரணமாகத் திறந்தே கொடுங்கள். விண்டோஸ் பயனருக்குப் பாஸ்வேர்ட் இல்லையென்றால் ஷேரைத் திறக்க விடாது, ஒரு பாஸ்வேர்ட் வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் உண்மையான எல்பிடி1 போர்ட்டும் இருந்தால் இரண்டுக்கும் சண்டை வரும், டிவைஸ் மேனேஜரிலோ பயாஸிலோ அதை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இது என்னை அரை நாள் சுற்ற வைத்தது. வேறொரு கடையில் எல்லாம் சரியாக வேலை செய்தது, இன்டர்நெட் வேண்டாம் என்று நெட் கேபிளைக் கழற்றியதும் அச்சு நின்றுவிட்டது. நெட் யூஸ் கட்டளை நெட்வொர்க் வழியாகத்தான் போகும், ஒரே கம்ப்யூட்டருக்குள் இருந்தாலும் சரி. கேபிள் இல்லையென்றால் நெட்வொர்க்கே இல்லை என்று விண்டோஸ் முடிவு செய்துவிடுகிறது. இதற்கு டிவைஸ் மேனேஜரில் ஆட் லெகசி ஹார்டுவேர், அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், மைக்ரோசாஃப்ட், கேஎம் டெஸ்ட் லூப்பேக் அடாப்டர் என்று தேர்ந்தெடுத்து ஒரு போலி நெட்வொர்க் கார்டை நிறுவ வேண்டும். கேபிள் இல்லாமலே வாசல் திறந்திருக்கும்.

யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். பழைய பிரிண்டரைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்ட அது உதவும், ஆனால் அது எல்பிடி1ஐ உண்டாக்காது, விண்டோஸ் அதை யூஎஸ்பி பிரிண்டராகத்தான் பார்க்கும். அதற்கும் மேலே சொன்ன ஷேர் வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

32 பிட் விண்டோஸில் பில் வருவதற்குக் கால் நிமிஷம் ஆகிறது என்றால் பயப்பட வேண்டாம். புரோகிராம் முடித்துவிட்டதா என்று தெரியாமல் விண்டோஸ் 15 நொடி காத்திருக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எல்பிடி டைம்அவுட் என்ற மதிப்பை 3 ஆக்கினால் குறையும். ரெஜிஸ்ட்ரி பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

64 பிட் விண்டோஸ் என்றால்

இங்கே புரோகிராமே டாஸ்பாக்ஸ் எக்ஸுக்குள்தான் ஓடப்போகிறது. பிரிண்டர் டாட் மேட்ரிக்ஸ் என்றால், மேலே சொன்ன நெட் யூஸ் வேலையை விண்டோஸில் முடித்துவிட்டு, பேரலல்1 வரியில் ஃபைல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு டெவ், கோலன், எல்பிடி1 என்று சேர்த்துவிடுங்கள். கேப்சர் ஃபோல்டரில் விழுந்துகொண்டிருந்தது இப்போது பிரிண்டருக்குப் போகும்.

லேசர் அல்லது இங்க்ஜெட் என்றால் பேரலல்1 வரியில் பிரிண்டர் என்று போடுங்கள். கொஞ்சம் தள்ளிப் பிரிண்டர் என்றே ஒரு தனிப் பகுதி இருக்கும், அதில் பிரிண்ட்அவுட்புட் என்ற வரியிலும் பிரிண்டர் என்று மாற்றுங்கள். இப்போது டாஸ்பாக்ஸ் எக்ஸ் தானே ஒரு எப்சன் பிரிண்டர் போல நடித்து, 15, 18, 12 எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, பக்கத்தைப் படமாக வரைந்து விண்டோஸிடம் கொடுக்கும். மொழி தெரியாத பிரிண்டருக்கு இது நல்ல மொழிபெயர்ப்பாளர். அதே பகுதியில் டைம்அவுட் என்று ஒரு வரி உண்டு, அதில் 2000 என்று போட்டால் 2 நொடி வேறு எதுவும் வராவிட்டால் பக்கத்தைத் தானே வெளியே தள்ளும்.

இதைத்தான் குலசேகரம் கடையில் செய்தேன், அதுவும் 32 பிட் விண்டோஸ் 10இலேயே. டாட் மேட்ரிக்ஸில் வரி முடிந்ததும் காகிதத்தைக் கிழித்துக்கொள்ளலாம், பக்கம் முடிய வேண்டியதில்லை. லேசர் பிரிண்டர் அப்படி இல்லை, 12 வந்தால்தான் பக்கம் முடிந்தது என்று அதற்குத் தெரியும், வராவிட்டால் பில்லை வைத்துக்கொண்டு அடுத்த பில்லையும் அதே பக்கத்தில் சேர்க்கப் பார்க்கும். அவர் புரோகிராமில் 12 இல்லவே இல்லை. டைம்அவுட் வரி அந்தக் குறையை அடைத்தது.

ஒரே கணக்கை இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திறந்து வேலை பார்க்கும் கடை என்றால் வீடாஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் பாருங்கள். அலுவலக டாஸ் புரோகிராம்களுக்காகவே செய்தது, ஒருவர் எழுதும் வரியை இன்னொருவர் மேலெழுதாதபடி பூட்டுப் போடும் வேலையைச் சரியாகச் செய்கிறது, அச்சையும் விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்பும்.

பில் வருகிறது, ஆனால் கோணல்மாணலாக வருகிறது

இது வந்தால் சந்தோஷப்படுங்கள், கடினமான பகுதி முடிந்துவிட்டது.

கட்டம் போட்ட கோடுகளுக்குப் பதிலாகச் சாய்ந்த ஆங்கில எழுத்துகள் வருகின்றனவா? எப்சன் பிரிண்டரின் எழுத்துப் பட்டியல் இட்டாலிக் என்று இருக்கிறது, அதைப் பிசி437 ஆக மாற்ற வேண்டும். பிரிண்டரின் சொந்த அமைப்பில் மாற்றுவது இது, எந்தப் பட்டனைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் போட வேண்டும் என்று அதன் கையேட்டில் இருக்கும்.

ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? காகித நீளம் பொருந்தவில்லை. அங்குலத்துக்கு 6 வரி என்பது கணக்கு. 11 அங்குலக் காகிதத்தில் 66 வரி, நம்மூரில் அதிகம் கிடைக்கும் 12 அங்குலத் தொடர் காகிதத்தில் 72 வரி, அதைப் பாதியாக்கிய 6 அங்குலத்தில் 36 வரி. பிரிண்டரில் இருக்கும் பக்க நீளமும் நீங்கள் மாட்டிய காகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஏ4 தாளில் கணக்குப்படி 70 வரி வரும், ஆனால் லேசர் பிரிண்டர் மேலும் கீழும் ஓரத்தில் அடிக்காது. புரோகிராமில் பக்கத்துக்கு எத்தனை வரி என்று மாற்ற இடம் இருந்தால் 60 என்று வையுங்கள்.

அகலமான 132 எழுத்து அறிக்கை ஏ4இல் அடங்குமா என்றும் கேட்பார்கள். அடங்கும். 15 என்ற கட்டளைக்குப் பிறகு அங்குலத்துக்கு 17 எழுத்து வரும், 132 எழுத்துக்கு 7.7 அங்குலம் போதும், ஏ4 அகலம் 8.27 அங்குலம். இடது ஓரத்தை மட்டும் குறைத்து வையுங்கள்.

வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கமாக இறங்கினால், வரி முடிந்து இடது ஓரத்துக்குத் திரும்பும் எண் 13 வரவில்லை என்று அர்த்தம். எல்லா வரியும் ஒரே வரியின் மேல் விழுந்தால், அடுத்த வரிக்கு இறக்கும் எண் 10 வரவில்லை. 10ஐ டாட் மேட்ரிக்ஸே சேர்த்துக்கொள்ள அதில் ஆட்டோ லைன்ஃபீட் என்று ஒரு அமைப்பு உண்டு.

மூன்று அங்குல தெர்மல் பிரிண்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: அதில் சாதாரண எழுத்தில் வரிக்கு 48தான் அடங்கும், 80 எழுத்து பில் உடைந்துபோகும். புரோகிராமை மாற்றி எழுத ஆள் இல்லையென்றால் வேண்டாம்.

அப்புறம் காகிதம். நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் ஏறிய தொடர் காகிதம் ஓர ஓட்டையில் கிழியும், லேசரில் இரண்டு தாளாக ஒட்டிக்கொண்டு போகும். பிரித்த கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். இடி முழங்கினால் பிரிண்டரின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு வெள்ளைத் தாளில் ஷேர் பெயர், கம்ப்யூட்டர் பெயர், நெட் யூஸ் வரி முழுவதும், டாஸ்பாக்ஸ் எக்ஸில் மாற்றிய வரிகள், பிரிண்டரில் வைத்த பக்க நீளம் ஆகியவற்றை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், பாஸ்வேர்டை மட்டும் கடைக்காரரின் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். கன்ஃபிகரேஷன் ஃபைலையும் கணக்கு இருக்கும் அதே பென்டிரைவில் நகல் எடுங்கள். குலசேகரத்தில் அந்தத் தாளைக் கடைக்காரரின் மகளிடம் கொடுத்து, நான் பக்கத்தில் நிற்க, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அவளையே செய்யச் சொன்னேன். இருபது நிமிஷத்தில் பில் வந்தது.